ஸ்காட்லாந்தின் பழைய மீன்துறைக் கட்டடங்கள்: வாசகர் கேள்வி–பதில்

ஸ்காட்லாந்துக் கரையோரத்தின் பழைய மீன்பிடித் துறைகளையும் அங்குள்ள கிடங்குகள், புகைக்கூடங்கள், பனிக்கட்டி வீடுகளையும் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. அங்கே பழைய வீடு வாங்கிய வாசகர் ஒருவரின் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: க்ரோவி என்ற ஊரின் படத்தைப் பார்த்தேன். வீடுகள் கடலுக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கின்றன. கடல் பார்த்த வீட்டுக்குத்தானே எல்லோரும் ஆசைப்படுவார்கள்?

கடலில் பிழைக்கிறவர்களுக்கு வீட்டிலிருந்து கடலை ரசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை; கடல் வீட்டுக்குள் வராமல் இருந்தால் போதும். க்ரோவியில் செங்குத்தான மலைச்சரிவுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வரிசை வீட்டுக்கு மட்டுமே இடம். வீட்டின் குறுகிய பக்கச் சுவரைக் கடலுக்குக் காட்டினால் காற்றும் அலையும் மோதும் பரப்பு குறையும். அந்தச் சுவரில் கதவு வைக்க மாட்டார்கள், சன்னலையும் கூடியவரை தவிர்ப்பார்கள். வீடுகளுக்கு இடையிலுள்ள சந்து படகையும் மீன்பிடிச் சாமான்களையும் இழுத்து வைக்க உதவியது. இத்தனை செய்தும் 1953 ஜனவரி 31-ஆம் தேதிப் புயலில் க்ரோவி பலத்த சேதம் கண்டது. பலர் ஊரைவிட்டே போனார்கள். வீடுகளின் முன்னால் கார் போக இன்றும் வழியில்லை. சாமான்களைத் தள்ளுவண்டியில்தான் கொண்டுபோகிறார்கள்.

அபர்டீன் துறைமுக வாயிலில் உள்ள ஃபுட்டீ குடியிருப்பு வேறு வழியில் யோசித்தது. ஜான் ஸ்மித் என்ற கட்டடக் கலைஞர் 1808–09-இல் வரைந்த திட்டப்படி, வீடுகள் சதுக்கமாகக் கூடி உள்பக்கம் பார்க்கின்றன. கடலுக்கு முதுகைக் காட்டுகின்றன. நடுவே உள்ள வெளியில் வலையும் தூண்டிலும் வைக்கத் தார் பூசிய மரக் கொட்டகைகள். அவற்றில் பல இன்னும் நிற்கின்றன.

கேள்வி: ஃபைஃப் கரையோர ஊர்களில் மாடிக்குப் போகும் கல் படிக்கட்டு தெருவிலேயே இருக்கிறது. மேலே கூரையை ஒட்டி ஒரு கதவு, அதற்குப் படியே இல்லை. எதற்கு?

வெளிப்படிக்கட்டுக்கு அங்கே ஃபோர்ஸ்டேர் என்று பெயர். குடும்பம் மாடியில் குடியிருக்கும்; தரைத்தளம் தூண்டில் கயிறு, இரை, பீப்பாய், பாய்மரத் துணி வைக்கிற இடம். படிக்கட்டை உள்ளே வைத்தால் கிடங்கில் பாதி போய்விடும், மீன் வாடையும் மேலே ஏறும்.

படியில்லாத கதவு வலைப்பரணுக்கு உரியது. மேலே துருத்தி நிற்கும் உத்தரத்தில் கப்பி மாட்டி, ஈர வலையை மூட்டையாகக் கட்டித் தெருவிலிருந்து நேரே தூக்குவார்கள். ஹெர்ரிங் என்ற சிறு கடல்மீனைப் பிடிக்கும் வலை ஈரத்தோடு கிடந்தால் சில நாளிலேயே மக்கும். ஆகவே பரணில் எதிரெதிராகத் திறப்புகள் விட்டுக் காற்றோட்டம் தந்தார்கள்.

மக்காமல் காப்பதற்கு வேறு ஒரு வழியும் இருந்தது. நாம் வெற்றிலையோடு போடும் அதே காசுக்கட்டி, இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி அந்தத் துறைகளுக்குப் போயிற்று. பெரிய கொப்பரையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கட்டியை உடைத்துப்போட்டுக் கரைத்து, அந்தச் செம்பழுப்பு நீரில் பருத்தி வலையை ஊறவைத்து உலர்த்துவார்கள். கடல்நீர் சாயத்தை அரித்துவிடுவதால் ஒரே பருவத்தில் பல முறை இதைச் செய்ய வேண்டும். துறையோரத்தில் புகைபோக்கியும் அடுப்பு மேடையுமாக ஒரு சிறு கட்டடம் தனியே நின்றால், உள்ளே சுவரின் கீழ்ப்பகுதியில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வலைக்குச் சாயம் ஏற்றிய இடமாக இருக்க வாய்ப்பு அதிகம். நைலான் வலை வந்ததும் இந்த வேலைக்குத் தேவை இல்லாமல் போனது.

கேள்வி: போர்ட்சாய் துறைமுகச் சுவரில் கற்களைப் படுக்கையாக வைக்காமல் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள். கொத்தனார் தவறா, காரணம் உண்டா?

தெரிந்தே செய்த வேலை. சர் பேட்ரிக் ஓகில்வி 1693-இல் கட்டிய பழைய துறை அது. கல்லைப் படுக்கையாக அடுக்கினால் ஒவ்வொரு வரிசைக்கும் நீளமான கிடைமட்ட இடுக்கு ஒன்று இருக்கும். அலை மோதும்போது தண்ணீரும் அதில் அகப்பட்ட காற்றும் இடுக்குக்குள் பாய்ந்து மேல்கல்லை நெம்பும். அலை பின்வாங்கும்போது உள்ளே மிஞ்சிய அழுத்தம் கல்லை வெளியே தள்ளும். ஒரு கல் கழன்றால் பக்கத்துக் கல்லுக்குப் பிடிப்புப் போய்விடும். செங்குத்தாக நிறுத்தி நெருக்கிச் செருகினாலோ, கல்லின் அடிப்பரப்பு சிறியது. இரு பக்கமும் அண்டைக் கற்கள் உரசிப் பிடித்துக்கொள்கின்றன. புகுந்த நீரும் இடுக்கு வழியே கீழே வடிந்துவிடுகிறது.

ஹெர்ரிங் வளம் பெருகியபோது பக்கத்திலேயே 1825–28-இல் கட்டிய புதிய துறை 1839 புயலில் உடைந்தது. 1884-இல்தான் மறுபடி கட்டினார்கள். பழையது இன்றும் நிற்கிறது.

கனம் மட்டும் காக்காது என்பதற்கு விக் நகரத்து அலைத்தடுப்புச் சுவர் சாட்சி. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை தாமஸ் ஸ்டீவன்சன் அந்த வேலையை 1863-இல் தொடங்கினார். சுவரின் முனையில் பெரும் கற்களையும் காங்கிரீட்டையும் இரும்புக் கம்பியால் பிணைத்திருந்தார். 1872 டிசம்பர் புயல், ஏறக்குறைய 1,350 டன் எடையுள்ள அந்த முனையை ஒரே துண்டாகப் பெயர்த்துத் தள்ளியது. அதற்குப் பதிலாக வைத்த 2,600 டன் முனையும் 1877-இல் போயிற்று. அதோடு திட்டம் கைவிடப்பட்டது.

பழைய துறைச்சுவரைப் பழுதுபார்ப்பவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். அந்தச் சுவரின் வெளிமுகம் கல். உள்ளே நிரப்பியிருப்பது சிறு கல்லும் மண்ணும். கடல் ஓதம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் பொடி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும், நடுவில் பொந்து விழும். மேல்தளத்தில் ஒரு குழி தெரிகிறபோது உள்ளே சேதம் முற்றியிருக்கும். அப்போது வெளியிடுக்கு எல்லாவற்றையும் சிமென்டால் அடைப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை. அதுவே கேடு. உள்ளே புகுந்த நீர் வடிய வழியில்லாமல் முகத்துக் கல்லை உந்தித் தள்ளும். பொந்தைக் கல்லால் இறுக்கி நிரப்பி, வடிகால் துளைகளைத் திறந்தே விட வேண்டும். ஓத மட்டத்துக்குக் கீழே சாதாரணச் சுண்ணாம்பு இறுகுவதற்குள் கரைந்துபோகும். அங்கே சில நிமிடங்களில் இறுகும் இயற்கைச் சிமென்டைச் சேர்க்கிறார்கள்.

கேள்வி: விக் நகரில் 'உப்பிடும் முற்றம்' என்று வழிகாட்டிப் புத்தகம் சொல்கிறது. அங்கே என்ன நடந்தது?

ஹெர்ரிங் மீன் பீப்பாய்க்குள் போன இடம் அதுதான். பிரிட்டிஷ் மீன்பிடிச் சங்கம் 1786-இல் தொடங்கி, உல்லாபூல், டோபர்மோரி ஆகிய ஊர்களை 1788-இல் உருவாக்கியது. பிறகு தாமஸ் டெல்ஃபோர்டிடம் திட்டம் வாங்கி விக் ஆற்றின் தென்கரையில் புல்ட்னிடவுனைக் கட்டியது. மேட்டில் குடியிருப்பு, கீழே துறையை ஒட்டித் தொழில்மனைகள். தெருவிலிருந்து வளைவு வாசல் வழியாக வண்டி உள்ளே போகும். நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தரைத்தளத்தில் உப்பிடும் கூடமும் பீப்பாய் செய்யும் பட்டறையும், மாடியில் கிடங்கும் தங்குமிடமும். 1860-களில் பருவகாலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் இந்தத் துறைக்கு வந்தன.

படகிலிருந்து வந்த மீனை ஃபார்லின் என்ற நீண்ட மரத்தொட்டியில் கொட்டி உப்பைத் தூவுவார்கள். பெண்கள் மூவர் மூவராக வேலை செய்வார்கள்: இருவர் குடல் எடுப்பவர்கள், ஒருவர் அடுக்குபவர். கையளவேயான குட்டைக் கத்தியை மீனின் தொண்டையில் செருகி ஒரு திருப்புத் திருப்பினால் செவுளும் குடலும் சேர்ந்து வந்துவிடும். கை தேர்ந்தவர் ஒரு நிமிடத்தில் 60 மீன் வரை முடிப்பார். உப்பும் கத்தியும் விரலைப் புண்ணாக்கும் என்பதால் விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றி நூலால் கட்டிக்கொள்வார்கள். குடல் எடுக்கும் கையோடே அளவு பார்த்துப் பின்னால் உள்ள தனித்தனிக் கூடையில் எறிய வேண்டும். ஒரு பீப்பாயில் ஒரே தரம்தான் போக வேண்டும்.

அடுத்தது உப்பில் புரட்டுவது. பிறகு பீப்பாயில் வயிறு மேல்நோக்கி, தலை விளிம்பைப் பார்க்க, ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு. அடுத்த அடுக்கை முந்தையதற்குக் குறுக்காக வைப்பார்கள். உப்பு மீனின் நீரை இழுத்துத் தானே உப்புநீராகும், மீன் சுருங்கிக் கீழே இறங்கும். 8 முதல் 10 நாள் கழித்துப் பக்கத்துளையைத் திறந்து உப்புநீரை வடித்து, குறைந்த இடத்தை, அந்தப் பீப்பாய் மீனோடு அதே நாளில் பிடித்து உப்பிட்ட மீனால் நிரப்பி, மூடியை இறுக்கி, வடித்த நீரையே திரும்ப ஊற்றுவார்கள். அடுக்கிலே உப்புக் குறைந்தால் மீன் புளித்து நடுமுள்ளை ஒட்டிச் சிவக்கும். கூடினால் சதை வறண்டு கடினமாகும். பீப்பாய் கசிந்து உப்புநீர் இறங்கினால் மேலடுக்கு சிக்குவாடை அடிக்கும். மீன்வள வாரிய அதிகாரி சோதித்துத் தரம் சரியென்றால் பீப்பாயின் பக்கத்தில் கிரீட முத்திரையைச் சூட்டுக்கோலால் பதிப்பார். அந்த முத்திரையை நம்பித்தான் ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் பீப்பாயைத் திறந்து பார்க்காமலே வாங்கினார்கள். 1907-இல் ஸ்காட்லாந்து 25 லட்சம் பீப்பாய்கள் உப்பிட்டது.

இத்தனையும் தெரிந்துகொண்டு முற்றத்தைப் பாருங்கள். தளக்கல் ஏன் நடுவாய்க்காலை நோக்கிச் சரிகிறது, வாசல் ஏன் வண்டி அளவுக்கு அகலம், கூடத்தில் ஏன் சன்னல் குறைவு என்பதெல்லாம் தானே விளங்கும். கழுவிய நீர் ஓட வேண்டும், பீப்பாய் உருள வேண்டும், மீனில் வெயில் படக்கூடாது.

கேள்வி: மின்சாரம் இல்லாத காலத்தில் பனிக்கட்டி வீட்டில் கோடை வரை பனிக்கட்டி எப்படித் தாங்கியது?

மூன்று காரணங்கள்: மண், இருட்டு, வடிகால். கட்டடத்தைச் சரிவில் பாதி புதைத்து, மேலே கல் அல்லது செங்கல்லால் வில்வளைவுக் கூரை போட்டு, அதன்மேல் மண்ணும் புல்லும் பரப்புவார்கள். கதவு வடக்குப் பக்கம். பெரும்பாலும் இரட்டைக் கதவு, ஒன்றை மூடிய பிறகே மற்றொன்றைத் திறப்பது வழக்கம். குளிர்காலத்தில் ஆற்றிலும் குளத்திலும் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கொண்டுவந்து, மேலேயுள்ள துளை வழியே கொட்டி, உடைத்து, இடைவெளி இல்லாமல் திமிசு போட்டு இறுக்குவார்கள்.

மூன்றில் வடிகால்தான் முக்கியம். பனிக்கட்டி உருகிய நீரில் உட்கார்ந்தால் மீதியும் வேகமாக உருகும். அதனால் தரை சரிவாக இருக்கும், தாழ்ந்த மூலையில் வடிகால், அதன் வழியே வெப்பக்காற்று உள்ளே வராதபடி நீர் நிற்கும் வளைவு ஒன்று. இன்றைக்குப் பனிக்கட்டி வீடுகள் இடிவதும் இந்த வடிகால் அடைபட்டு, கூரைமேல் வளர்ந்த செடியின் வேர் வளைவின் இடுக்கில் இறங்குவதால்தான்.

ஸ்பே ஆற்று முகத்தில் டக்நெட் என்ற இடத்தில் 1830-இல் கட்டிய பனிக்கட்டி வீடு இந்த வகையில் ஸ்காட்லாந்திலேயே பெரியது. சால்மன் மீனைப் பனிக்கட்டியில் வைத்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் 1780-களில் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் முயற்சியால் பரவியது. சீனக் கரையில் மீனவர்கள் பனியில் மீன் வைப்பதை அவருக்குச் சொன்னவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள். கிழக்கிந்தியக் கம்பெனியில் சென்னையில் எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கியவர். அதற்கு முன் சால்மனை வேகவைத்துப் புளிக்காடியில் போட்டுத்தான் அனுப்பினார்கள்.

கேள்வி: ஃபைஃபில் கடலோரமாக ஒரு பழைய கல்வீடு வாங்கியிருக்கிறோம். சுவர் ஈரம் காத்து, உப்புப் பூத்து, கல் பொறுக்குத் தட்டுகிறது. ஒப்பந்தக்காரர் சிமென்ட் பூசி நீர்புகாப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறார். சரியா?

வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அந்தச் சுவர் நனைந்து உலர்வதற்கென்று கட்டியது. மழை உள்ளே போகும், சுண்ணாம்பு இடுக்கு வழியே ஆவியாக வெளியேறும். சிமென்ட் பூசினால் அதில் விழும் மயிரிழை வெடிப்பு வழியே நீர் உள்ளே போகும், வெளியே வர முடியாது. நீரோடு கரைந்துவந்த கடலுப்பு பூச்சுக்குப் பின்னால் கல்லிலேயே படிகமாகும். படிகம் வளர வளர மணற்கல்லின் முகம் இலை இலையாக உரியும். நீங்கள் காணும் பொறுக்கு அநேகமாக முன்பு யாரோ செய்த சிமென்ட் பாயிண்டிங்கின் (கல் இடுக்கைச் சிமென்டால் அடைப்பதன்) விளைவு: இடுக்குச் சாந்து கெட்டியாக நிற்கும், நடுவிலுள்ள கல் குழிந்திருக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

முதலில் சுவரைத் தொடாதீர்கள். கூரை, புகைபோக்கியின் அடி, மழைநீர் வாரி மூன்றையும் பாருங்கள். சிவப்பு வளைவோட்டுக் கூரையாக இருந்தால் கீழ்விளிம்பில் சில வரிசை பலகைக்கல் இருக்கும். சுவரின் கனத்தால் அங்கே சரிவு தளர்வதால் ஓட்டுக்குப் பதில் அதை வைத்தார்கள். புதுக் கூரை போடுகிறவர்கள் அதை எடுத்துவிட்டு ஓட்டையே நீட்டினால் சுவர்த்தலையில் நீர் இறங்கும். வெளியே தெருமட்டம் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் அதையும் இறக்க வேண்டும். இவற்றைச் செய்து ஒரு கோடை பொறுத்துப் பாருங்கள். ஈரத்தில் பாதி அதிலேயே குறைவதுண்டு.

பிறகு சிமென்ட் பாயிண்டிங்கை எடுப்பது. கை உளியும் சுத்தியலும் போதும். சுழல்கத்தி கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். சிமென்டோடு கல்முகமும் பெயர்ந்து வருமானால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள், காலப்போக்கில் தளரும். இடுக்கை அதன் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்குச் சுத்தம் செய்து, தண்ணீர் தெளித்து, நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு 3.5 தரம் 1 பங்கு, கூர்மணல் 2.5 பங்கு என்ற கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். கல் மிக மென்மையாக இருந்தால் கலவையும் அதைவிட மென்மையாக இருக்க வேண்டும். கடற்கரை மணலை எடுக்கவே கூடாது. அதிலுள்ள உப்பு மொத்த வேலையையும் கெடுக்கும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் வேலையை எடுக்காதீர்கள். சித்திரையில் தொடங்கி ஆவணிக்குள் முடிப்பது நல்லது. ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது உலராமல் காக்க வேண்டும். கடற்காற்று ஒரே நாளில் உலர்த்திவிட்டால் சாந்து பொடியாக உதிரும்.

கல்தெரியும் சுவர்தான் அழகு என்று பலர் பழைய பூச்சை உரித்துவிட்டார்கள். அந்தக் கரையில் பல வீடுகள் முதலில் சுண்ணாம்பும் பருமணலும் கலந்து வீசியடித்த பூச்சோடுதான் இருந்தன. சொரசொரப்பான பரப்பு மழையை உடைக்கும், உலரும் பரப்பையும் கூட்டும். பூச்சின் அடையாளம் எங்கேனும் மிஞ்சியிருந்தால் திரும்பப் பூசுவதே நல்லது. மேலே நீர்த்த சுண்ணாம்பை மெல்லியதாக ஐந்து கை அடியுங்கள். ஒரே கையில் தடிப்பாக அடித்தால் செதிலாக உரியும்.

உள்ளே பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி முறத்தில் வாரி வெளியே எறியுங்கள். இரண்டடிக் கனமுள்ள சுவர் உலர ஓராண்டுக்கு மேலாகும். அதுவரை பெயின்ட், ஜிப்சம் பலகை எதுவும் வேண்டாம்.

கேள்வி: இதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டுமா?

உங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்தால், அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சியின் திட்ட அலுவலகத்தில் பட்டியல் கட்டட ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்காமல் செய்வது குற்றம். பட்டியலை நடத்துவது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து. ஏ, பி, சி என்று மூன்று வகை. 'சி' வகைதானே என்று அலட்சியம் வேண்டாம், சட்டம் மூன்றுக்கும் ஒன்றே. வெளிப்புறம் மட்டுமல்ல, உள்புறமும் அடங்கும். வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன் கட்டிய கொட்டகையும் சுவரும்கூட அடங்கலாம். பெருவெள்ள ஓத மட்டத்துக்குக் கீழே கல்லை அசைப்பதானால் கடல்சார் உரிமமும் தேவைப்படும்.

கேள்வி: பழைய புகைக்கூடத்தைக் குடியிருப்பாக மாற்றலாமா? ஆர்ப்ரோத் ஸ்மோக்கி என்ற புகைமீனையும் அங்கேதான் செய்தார்களா?

புகைக்கூடமும் ஸ்மோக்கி செய்யும் இடமும் வேறு வேறு. கூரை முகட்டில் மரச்சட்டத் திறப்புகளோடு உயர்ந்து குறுகி நிற்பது கிப்பருக்கான (புகையூட்டிய ஹெர்ரிங்குக்கான) கூடம். பிளந்த ஹெர்ரிங்கைக் கொக்கியில் மாட்டி, தரையில் கடின மரத்தூளைக் கனியவிட்டு, இரவு முழுக்க இளஞ்சூட்டுப் புகையில் வைப்பார்கள். சூடு ஏறினால் மீன் வெந்து, கொக்கியிலிருந்து அறுந்து விழும். முகட்டுத் திறப்பைக் கூட்டிக் குறைப்பதுதான் அதற்கான கட்டுப்பாடு. ஸ்மோக்கி அப்படியல்ல. ஹாடக் மீனைத் தலை, குடல் நீக்கி, உப்பிட்டு, வாலை இரண்டிரண்டாகச் சணலால் கட்டிக் கம்பில் தொங்கவிட்டு, தரையில் பதித்த பீப்பாயில் எரியும் பீச் அல்லது ஓக் மர நெருப்பின் மேல் வைத்து, ஈரச்சாக்கால் மூடுவார்கள். ஆவியும் புகையுமாக ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். காற்றடிக்கும் நாளில் சாக்கைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பு கிளம்பி மீன் கருகும். ஆக்மிதி ஊரிலிருந்து வந்த இந்த முறைக்கு 2004 முதல் புவிசார் பாதுகாப்பு உண்டு. ஆர்ப்ரோத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் செய்ததற்கே அந்தப் பெயர் செல்லும்.

மாற்றிக் குடியேறுவதில் சிக்கல் சுவரில் ஊறிய புகைத்தார். மேலே நேரே பூசினால் எத்தனை கை சுண்ணாம்பு அடித்தாலும் பழுப்பாகக் கசியும், மழைநாளில் வாடையும் வரும். சுரண்டி எடுக்கவும் முடியாது. சுவரைத் தொடாமல், நடுவே காற்றுப்போக இடம் விட்டு உட்சுவர் ஒன்றை நிறுத்த வேண்டும். கறுத்த உத்தரங்களையும் கொக்கிக் கம்பிகளையும் எடுத்தெறிந்துவிடாதீர்கள். முகட்டுத் திறப்பை வெளியே அப்படியே விட்டு, உள்ளே மட்டும் கண்ணாடியால் அடைக்கலாம்.

கேள்வி: நான்கு நாளில் எவற்றைப் பார்க்கலாம்?

தெற்கிலிருந்து வடக்கே போங்கள். முதல் நாள் ஆன்ஸ்ட்ரதரில் ஸ்காட்டிஷ் ஃபிஷரீஸ் மியூசியம், அதோடு பிட்டன்வீம், க்ரெயில். இரண்டாம் நாள் ஆர்ப்ரோத். பெல் ராக் கலங்கரை விளக்கத்துக்காக 1813-இல் கட்டிய சிக்னல் டவரைப் பார்த்துவிட்டு ஃபுட்டீ. மூன்றாம் நாள் க்ரோவி, போர்ட்சாய் (1834-இல் கட்டிய 'சால்மன் பாத்தி' என்ற சால்மன் மீனவர் கட்டடம் அங்கே அருங்காட்சியகம்), டக்நெட். நான்காம் நாள் நீண்ட பயணமாக விக். புறப்படுவதற்கு முன் ஓத அட்டவணையைப் பாருங்கள்: துறைச்சுவரின் கட்டுமானம் நீர் வடிந்த நேரத்தில்தான் முழுதாகத் தெரியும். சிறு அருங்காட்சியகங்கள் பல குளிர்காலத்தில் மூடியிருக்கும். விக்குக்குத் தெற்கே வேலிகோ படிக்கட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட கற்படிகள் பாறைச்சரிவில் இறங்குகின்றன, கைப்பிடி கிடையாது. பெண்கள் கூடையில் மீன் சுமந்து ஏறிய அந்தப் படிகளில் மழை பெய்த அன்று இறங்காதீர்கள்.